இரண்டு டிஸ்க், ஒரே கொப்பி: திருகோணமலை ஸ்டூடியோ ஒன்றின் படங்கள் அழிந்ததும் மீண்டதும்

திருகோணமலை நகரில் ஒரு குடும்பம் நடத்தும் ஸ்டூடியோ அது. கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் தேர், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று 2014 முதல் எடுத்த படங்கள் 3.8 டெராபைட் சேர்ந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதிக்கு இன்னொரு டிஸ்க்கில் கொப்பியும் இருந்தது. ஒவ்வொரு இரவும் அது தானாகப் புதுப்பிக்கப்பட்டது. ஒரு மத்தியானத்துக்குள் மூலமும் கொப்பியும் சேர்ந்தே போயின. ஏன் சேர்ந்து போயின, எது எவ்வாறு மீண்டது, அதற்குப் பிறகு என்ன அமைப்பு போடப்பட்டது என்பதை இங்கே எழுதுகிறோம். ஸ்டூடியோவின் பெயரையும் தெருவையும் விட்டுவிட்டோம்.

இந்த ஊரில் ஒரு ஸ்டூடியோவின் சேமிப்பு அந்தக் கடைக்காரருக்கு மட்டும் சொந்தமானதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையோர வீடுகளோடு அல்பங்களும் போயின. 2006 இல் போருக்குத் தப்பி மூதூர், சம்பூர்ப் பக்கத்திலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள் எதையும் எடுத்து வரவில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் இறந்துபோன ஒருவரின் முகம் வேறு யாருடையதோ கலியாணப் படத்தின் ஓரத்தில்தான் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இந்த விஷயத்தில் ஓரளவு பாதுகாப்பு போதும் என்று நாங்கள் சொல்வதில்லை.

இருந்த அமைப்பு

ஒரு விண்டோஸ் கணினி. நடப்பு வேலை அதன் உள்ளே 1 டெராபைட் எஸ்.எஸ்.டி.யில். முடிந்த வேலைகள் 4 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்றில், அதில் 2.9 டெராபைட் நிரம்பியிருந்தது. பக்கத்தில் அதே அளவு இன்னொரு டிஸ்க், கொப்பிக்காக. இரண்டும் ஒரே யூ.எஸ்.பி. ஹப்பில், எந்நேரமும் செருகியபடி. இரவு 1 மணிக்கு ஒரு சொப்ட்வெயர் முதல் டிஸ்க்கை இரண்டாவதில் கண்ணாடிபோல் பிரதி செய்யும்: இங்கே அழிந்தால் அங்கேயும் அழியும், இங்கே மாறினால் அங்கேயும் மாறும். வாடிக்கையாளருக்குக் கொடுத்து முடித்த ஜேபெக் படங்கள் மட்டும், 2019 இலிருந்து, கூகுள் டிரைவோடு ஒத்திசையும் ஒரு போல்டரில் 210 கிகாபைட் இருந்தன. 2014 முதல் 2017 வரையான 900 கிகாபைட், இடம் போதாமல், ஒரு சிறிய 1 டெராபைட் டிஸ்க்குக்கு மாற்றப்பட்டு அலுமாரி லாச்சியில் கிடந்தது. அதற்கு வேறு கொப்பி கிடையாது.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் பரப்பிய 3-2-1 கணக்கு பலருக்குத் தெரியும்: மூன்று கொப்பி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில். மேலோட்டமாக எண்ணினால் இந்த ஸ்டூடியோவும் அந்தக் கணக்குக்குக் கிட்ட வருகிறது. ஆனால் கொப்பிகளை எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த ஒரே நிகழ்வு இரண்டையும் தொட முடியும்? ஒரே கணினி, ஒரே விண்டோஸ் கணக்கு, ஒரே ஹப், ஒரே பிளக். அந்தக் கணக்கில் எழுதும் உரிமை பெற்ற எந்தப் புரோகிராமும் இரண்டு டிஸ்க்கிலும் எழுதலாம். ஒரு மின்னல் இரண்டையும் எரிக்கலாம். ஆகவே அங்கே உண்மையில் இருந்தது ஒரு கொப்பிதான்.

நடந்தது

அல்பம் வடிவமைக்கும் பையன் முகம் மெருகூட்டும் பிளகின் (படம் திருத்தும் சொப்ட்வெயரோடு சேரும் சிறு புரோகிராம்) ஒன்றை, கிராக் செய்த பதிப்பாக, இறக்கினான். கூடவே வந்த குறிப்பு, நிறுவும்போது அன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினான். திரையில் விண்டோஸ் அப்டேட் போன்ற ஒரு பெட்டி வந்து சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது. அது போலிப் பெட்டி. பின்னால் ஸ்டொப்-டிஜேவியூ வகை ரான்சம்வெயர், அதாவது பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம், வேலை செய்துகொண்டிருந்தது. சிறிது நேரத்தில் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு போல்டரிலும் ஒரு கடிதம்: 980 டொலர், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490.

2.9 டெராபைட்டை இவ்வளவு விரைவாகப் பூட்ட முடிந்ததற்குக் காரணம், இந்த வகை ஒவ்வொரு பைலிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டுமே குறியாக்கம் செய்கிறது, அதாவது திறவுகோல் இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றுகிறது, என்பதுதான். தலை போனால் பைல் திறக்காது. அவ்வளவு போதும் என்பது அவர்கள் கணக்கு. பின்னால் மீட்க முடிந்ததெல்லாம் அந்தச் சிக்கனத்தால் மிஞ்சியதுதான். விண்டோஸ் தானாக வைத்திருக்கும் பழைய பதிப்புகளான நிழல் கொப்பிகளையும் அது அழித்துவிடுகிறது. அந்த வழியில் எதுவும் கிடைக்கவில்லை.

கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து பார்த்தார்கள். அதனால் பயன் இல்லை. இந்த வகை, விண்டோஸின் நேர அட்டவணையில் தன்னைப் பதிந்துகொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப ஓடும். அடுத்ததாக லாச்சி டிஸ்க்கை எடுத்து, அதுவாவது நல்லாயிருக்கிறதா என்று அதே கணினியில் செருகப் போனார்கள். தடுத்தது தற்செயல்: கேபிள் பொருந்தவில்லை. பாதிக்கப்பட்ட கணினியில் நல்ல டிஸ்க்கைச் செருகிப் பார்ப்பதுதான், எங்கள் அனுபவத்தில், இந்த வகை இழப்பை இரட்டிப்பாக்கும் செயல்.

முதலில் செய்ய வேண்டியது ஹப்பைப் பிடுங்குவது, இன்டர்நெட் வயரைக் கழற்றுவது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைப்பது. பிறகு அந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி அப்படியே எடுத்து வைத்துவிட்டு, புதிய ஒன்றில் புதிதாக விண்டோஸ் போட வேண்டும். பழையதை அழிக்கக்கூடாது; மிரட்டல் கடிதமும், சி டிரைவில் அது விட்டுச்செல்லும் தனி அடையாள எண் உள்ள பைலும் பிறகு தேவைப்படும். இந்த வகையோடு கடவுச்சொல் திருடும் புரோகிராமும் அடிக்கடி சேர்ந்து வரும். ஆகவே மின்னஞ்சல், வங்கி, பேஸ்புக் கடவுச்சொற்களை வேறொரு போனிலிருந்து அன்றைக்கே மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட வேண்டும். ஸ்டூடியோவில் இதைச் செய்தார்கள்.

மீட்டது எப்படி

பணம் கட்டவில்லை. கட்டினாலும் திறவுகோல் வரும் என்ற உறுதி கிடையாது.

எம்சிசொஃப்ட் என்ற அன்டிவைரஸ் நிறுவனம் 2019 ஒக்டோபரில் இந்த வகைக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. அது பழைய பதிப்புகளுக்கும், பிற்காலப் பதிப்புகளில் இன்டர்நெட் இல்லாத வேளையில் பல கணினிகளுக்கும் பொதுவான ஒரே திறவுகோலால் பூட்டப்பட்டவற்றுக்கும் உதவக்கூடியது. அடையாள எண் 't1' என்று முடிந்தால் பொதுத் திறவுகோல் என்று கொள்ளலாம். இங்கே அப்படி முடியவில்லை. கணினி இன்டர்நெட்டில் இருந்தது, திறவுகோல் அவர்களுக்கே தனியாக உருவாகியிருந்தது. எனவே பைல் வகை ஒவ்வொன்றாகப் போராட வேண்டியதாயிற்று.

கூகுள் டிரைவில் பூட்டிய பைல்கள் ஏறி, நல்லவை நீங்கியிருந்தன. ஒத்திசைவு அதைத்தான் செய்யும். ஆனால் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள் வைத்திருக்கும். படம் போன்ற பைல்களின் பழைய பதிப்புகளையும் 30 நாள் அளவுக்கு வைத்திருக்கும். புதிய கணினியில் டிரைவ் சொப்ட்வெயரை நிறுவாமல், பிரவுசர் வழியாக மட்டும் உள்ளே போய், 210 கிகாபைட்டும் திருப்பி எடுக்கப்பட்டன. 31 ஆவது நாள் வந்திருந்தால் இதுவும் இல்லை.

அல்பம் அச்சிடும் லாப்புக்கு அனுப்பிய சிப் (zip) பைல்கள், அதாவது பல படங்களை ஒன்றாகக் கட்டிய பைல்கள், நல்ல பலன் தந்தன. சிப்பின் உள்ளடக்க அட்டவணை பைலின் கடைசியில் இருக்கிறது, போனதோ தலை. பெயரில் ஒட்டிய நான்கு எழுத்து வாலைக் கழற்றிப் பழையபடி மாற்றி, சிப் பழுதுபார்க்கும் கருவி ஒன்றில் ஓட்டியபோது, ஒவ்வொன்றிலும் முதல் ஒன்றிரண்டு படங்கள் தவிர மற்றவை முழுதாக வந்தன.

எம்பி4 வீடியோக்களிலும் அதே நன்மை. பல கமராக்கள் பதிவு முடிந்த பிறகே சுட்டி அட்டவணையைக் கடைசியில் எழுதுகின்றன. அதே கமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துப் பழுதுபார்த்தால் தொடக்கத்தில் ஒரு கணம் மட்டும் போகும்.

2018 இன் ஜேபெக் படங்கள்தான் அதிக உழைப்பைக் கேட்டன. அவை டிரைவிலும் இல்லை. ஜேபெக்கின் தலையில் படத்தின் அளவும், அதை விரிப்பதற்கான அட்டவணைகளும் இருக்கின்றன. அதே கமரா, அதே தரம், அதே அளவு, நிமிர்ந்த படமா படுத்த படமா என்பதும் ஒத்த ஒரு நல்ல படத்திலிருந்து தலையை வெட்டி, பழுதான படத்தின் மிஞ்சிய உடலில் ஒட்ட வேண்டும். அந்தக் கலியாணங்களில் இரண்டு கமரா ஓடியதால் இரண்டு மாதிரித் தலைகள் வேண்டியிருந்தன. 10 மெகாபைட் படத்தில் 150 கிலோபைட் என்பது 1.5 சதவீதம், மேல்விளிம்பில் ஒரு மெல்லிய பட்டை போகும். ஆனால் நிறம் முழுப்படத்திலும் பிசகும். ஜேபெக், ஒவ்வொரு கட்டத்தின் அடிப்படை வெளிச்சத்தையும் முந்திய கட்டத்திலிருந்து எவ்வளவு வேறு என்றே எழுதுகிறது. தொடக்கம் தொலைந்தால் அடுத்த கட்டங்கள் எல்லாம் தவறான இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. அதைக் கையால் திருத்த வேண்டும். ஆயிரக்கணக்கான படங்களுக்கு இது நடக்காது. மாலை மாற்றுதல், தாலி கட்டுதல், குடும்பக் குழுப் படம் என்று தேர்ந்து செய்தார்கள்.

வட்ஸ்அப்பில் வந்து சேமித்த சிறு படங்கள் பெரும்பாலும் 150 கிலோபைட்டுக்குள்ளேயே இருந்தன. அவற்றில் மீட்க எதுவுமில்லை.

கடைசி மூன்று நிகழ்வுகள் மெமரி கார்டிலிருந்து வந்தன. கமராவில் கார்டை பார்மட் செய்தாலும், மேலே புதிதாக எழுதப்படும்வரை பழைய படங்கள் பெரும்பாலும் உள்ளே கிடக்கும். போட்டோரெக் என்ற இலவசக் கருவி அவற்றைத் தேடி எடுக்கும். பைல் பெயர்கள் மட்டும் போய்விடும். படத்துக்குள் எழுதப்பட்ட திகதியும் நேரமும் இருப்பதால் எக்ஸிப்டூல் கொண்டு நேர வரிசையில் மறுபெயரிடலாம். ஒரு கமராவின் கடிகாரம் பற்றரி இறங்கித் தொடக்கத் திகதிக்குப் போயிருந்தது. அந்தக் கார்டின் படங்களை ஒழுங்குபடுத்த மற்றக் கமராவின் படங்களோடு ஒப்பிட வேண்டியிருந்தது.

லாச்சியில் கிடந்த டிஸ்க்

வைரஸ் தொடாத ஒரே டிஸ்க் இது. ஆனால் பல வருடம் கடல் காற்றில் கிடந்தது. செருகியபோது சுழல்வது கேட்டது, விண்டோஸில் தோன்றவில்லை. இந்த இடத்தில்தான் அவசரம் படங்களைக் கொல்கிறது. விண்டோஸின் டிஸ்க் திருத்தும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது, 'பார்மட் செய்யவா' என்ற கேள்விக்கு ஆம் சொல்வது, திரும்பத் திரும்பச் செருகிக் கழற்றுவது எதுவும் கூடாது. டிக் டிக் என்று ஒரே சீராக அடித்தால் உடனே கழற்றிவிட வேண்டும். அது வாசிக்கும் தலை பழுதான சத்தம். தூசியற்ற அறை உள்ள மீட்பு நிலையத்துக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கே டிக் சத்தம் இல்லை. முதலில் கேபிளை மாற்றினார்கள், ஹப் இல்லாமல் கணினியின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகினார்கள். அகலமான பழைய யூ.எஸ்.பி. 3 வாய் தளர்ந்து, ஊசிகளில் பச்சைப் படிவு இருந்தது. ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டுச் செருகியதும் டிஸ்க் தெரிந்தது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் C5 வரிசை (தசமத்தில் 197), அதாவது வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை, பூச்சியத்துக்கு மேல் நின்றது. அப்படி நின்றால் டிஸ்க்கைத் திறந்து படம் பார்க்கவே கூடாது. விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் உள்ள பென் டிரைவில் கணினியை ஏற்றி, பழுதான டிஸ்க்கை வாசிக்கும் டிடிரெஸ்கியூ என்ற கருவி மூலம் முழு டிஸ்க்கையும் ஒரு புதிய 2 டெராபைட் டிஸ்க்கில் பிம்பமாக, அதாவது அச்சொட்டான பிரதியாக, எடுக்க வேண்டும். முதல் சுற்றில் சுலபமாக வரும் பகுதிகள். சிரமமானவற்றைத் தாண்டிப் போக வேண்டும். பிறகு அவற்றுக்கு மட்டும் மூன்று முறை முயற்சி. எதை எடுத்தோம், எது பாக்கி என்பதை வரைபடப் பைல் ஒன்று நினைவில் வைப்பதால், இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சில படங்கள் தவிர 900 கிகாபைட்டும் வந்தன.

ஒரு எச்சரிக்கை: சில சிறிய டிஸ்க்குகளில் யூ.எஸ்.பி. வாய் டிஸ்க்கின் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் அந்தப் பலகையே தரவைக் குறியாக்கம் செய்யும். பெட்டியை உடைத்து உள்ளே இருப்பதை வேறு கணினியில் மாட்டலாம் என்ற யோசனை அங்கே வேலை செய்யாது. அதே மாதிரி இன்னொரு டிஸ்க்கின் பலகையை மாற்றிப் போட்டாலும், பழைய பலகையிலுள்ள சிறு நினைவகச் சில்லைப் பெயர்த்து ஒட்டாமல் பெரும்பாலும் ஓடாது.

புதிய அமைப்பு

அடிப்படை மாற்றம் ஒன்று: வேலை செய்யும் கணினி கொப்பி டிஸ்க்கில் எழுதவே முடியாது. பழைய லாப்டொப் ஒன்றில் லினக்ஸ் மின்ட் போடப்பட்டது. அது கணினியின் படப் போல்டரை வாசிக்க மட்டும் உரிமையோடு திறந்து, படங்களைத் தன் பக்கம் இழுக்கிறது. கொப்பி டிஸ்க் அந்த லாப்டொப்பில், அதுவும் சனிக்கிழமை மாலை மட்டும், செருகப்படுகிறது.

ஆர்சிங்க் என்ற கொப்பி எடுக்கும் புரோகிராம் கொண்டு கொப்பி நடக்கிறது. மூலத்தில் மாறியதோ அழிந்ததோ கொப்பியில் அழிக்கப்படுவதில்லை. அன்றைய திகதியிட்ட வேறு போல்டருக்கு நகர்த்தப்படுகிறது. ஓட்டுமுன் ஒத்திகையாக ஒருமுறை ஓட்டி, பழைய வருடப் போல்டர்களில் எத்தனை பைல் மாறுகிறது என்று பார்ப்பார்கள். 2016 கலியாணத்தில் திடீரென்று நூற்றுக்கணக்கில் மாற்றம் காட்டினால் அன்று கொப்பி கிடையாது. முதலில் காரணத்தைத் தேட வேண்டும். ஆர்சிங்க் சாதாரணமாக அளவையும் நேரத்தையும் மட்டுமே ஒப்பிடும், உள்ளடக்கத்தைப் பார்க்காது. அதனால் ஒவ்வொரு நிகழ்வுப் போல்டருக்கும் ஷா-256 சரிபார்ப்புப் பட்டியல் (ஒவ்வொரு பைலின் உள்ளடக்கத்திலிருந்தும் கணித்த கைரேகை போன்ற எண்) ஒன்று எழுதி வைக்கப்படுகிறது.

டிஸ்க்குகள் மூன்று, ஒவ்வொன்றும் 8 டெராபைட், 3.5 அங்குலம். ஒன்று கணினிக்குள், மற்ற இரண்டு கொப்பிக்கு. கையடக்கமான 5 டெராபைட் டிஸ்க் வாங்கலாமே என்று கேட்பார்கள். 2.5 அங்குல அளவில் அவ்வளவு கொள்ளளவு, தடங்களை ஓடுபோல் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி எழுதும் முறையால்தான் வருகிறது. தொடர்ந்து பல மணி எழுதும்போது வேகம் படுத்துவிடும். முதல் முழுக் கொப்பிக்கு மூல டிஸ்க்கை நேரடியாக லாப்டொப்பில் செருகினார்கள்: வினாடிக்கு 110 மெகாபைட் வேகத்தில் 3.8 டெராபைட்டுக்குப் பத்து மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய ரவுட்டரின் 100 மெகாபிட் துளை வழியாகப் போயிருந்தால் நான்கு நாள்.

கொப்பி டிஸ்க் இரண்டில் ஒன்று ஸ்டூடியோவில், மற்றது வேறிடத்தில். முதலில் உவர்மலையில் உள்ள உறவினர் வீட்டை யோசித்தார்கள். மேடு என்பதால் கடல் பொங்கினாலும் பயமில்லை. ஆனால் 1964 டிசம்பர்ப் புயல் இந்த ஊரையே அடித்தது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரை ஏறியது. உவர்மலை நகருக்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் வவுனியாவில் இருக்கும் சகோதரி வீடு தேர்வாயிற்று. மாதம் ஒருமுறை போய்வருபவர் டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வருகிறார். ஒரு விதி: புதியது அங்கே போய்ச் சேருமுன் பழையதை அங்கிருந்து எடுப்பதில்லை.

வெளியே போகும் டிஸ்க்கில் பிறர் வீட்டுப் பெண்பிள்ளைகளின் படங்கள் இருக்கின்றன. அதனால் முழுக் குறியாக்கம் கட்டாயம். கடவுச்சொல் தாளில் எழுதி இரண்டு வீட்டில், டிஸ்க் இருக்கும் பெட்டிக்கு வெளியே. லினக்ஸ் முறையில் பூட்டிய இந்த டிஸ்க்கை விண்டோஸ் வாசிக்காது என்பதால் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

பெட்டி என்பது ரப்பர் விளிம்பு வைத்துப் பூட்டும் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே 200 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. 40 முதல் 50 சதவீதம் வரை நல்லது. செம்மஞ்சள் மணிகள் பச்சையானால் கேக் சுடும் அவனில் 120 பாகை செல்சியஸில் ஓரிரண்டு மணித்தியாலம் வைத்து உலர்த்தித் திரும்பப் போடலாம். பல டிஸ்க்குகளின் மேல் மூச்சுத் துளை ஒன்று உண்டு. அதன்மேல் லேபிள் ஒட்டக்கூடாது. ஏ.சி. அறையில் குளிர்ந்த டிஸ்க்கை வெளிப் புழுக்கத்துக்கு நேரே கொண்டுபோனால் வியர்க்கும். சிப் வைத்து மூடும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, சூடு ஒத்துவரும்வரை செருகாமல் இருக்க வேண்டும். பெட்டி தரையில் அல்ல, உயரத்தில்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக: கணினிக்கு யூ.பி.எஸ்., அதன் பற்றரி சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. ஒக்டோபர், நவம்பரில் இடி தொடங்கினால் கரண்ட் வயரோடு இன்டர்நெட் வயரையும் கழற்ற வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கை மின்னல் தேடி வராது. இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெயிட் வேண்டுமா என்றும் கேட்டார்கள். ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காமல் இருக்க அது உதவும். ரான்சம்வெயர் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும்.

இன்டர்நெட்டில் வைப்பது முடித்துக் கொடுத்த ஜேபெக் மட்டும், 400 கிகாபைட். வினாடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் இடைவிடாமல் 3.7 நாள். இரவில் ஏழு மணித்தியாலம் மட்டும் ஓட்டினால் 13 இரவு. முழு 3.8 டெராபைட்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் ரோ பைல்களை, அதாவது கமரா எழுதும் சுருக்காத மூலப் பைல்களை, அனுப்பவில்லை. சேவையைத் தேர்ந்தபோது பார்த்தது விலையை அல்ல, பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட காலம் யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி உண்டா என்பதை. வீட்டுப் படங்களுக்குக் கூகுள் போட்டோஸ் போதும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: 2021 ஜூன் 1 முதல் எல்லாப் படமும் 15 கிகாபைட் இலவச அளவில் சேரும், அதே அளவை ஜிமெயிலும் தின்னும். போனிலுள்ள அந்த அப்பில் அழித்தால் இணையத்திலும் அழியும். இடம் சேமிக்கும் தெரிவில் படம் சுருங்கும்.

மெமரி கார்ட் விதியும் மாறியது. கணினியிலும் லாப்டொப்பிலும் கொப்பி வந்து, சரிபார்ப்புப் பட்டியல் ஒத்துப்போகும்வரை கார்ட் பார்மட் செய்யப்படுவதில்லை. பாவித்த கார்ட்கள் முகம் கவிழ்த்து வேறு பையில். கார்டின் பக்கவாட்டுப் பூட்டை மட்டும் நம்பக்கூடாது. அது வாசிக்கும் கருவிக்கு ஒரு அடையாளம்தான், கார்டின் உள்ளே எதையும் தடுப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வவுனியாவிலிருந்து வந்த டிஸ்க்கில் ஒரு முழு நிகழ்வை, வேறொரு கணினிக்குத் திருப்பி எடுத்துப் பார்க்கிறார்கள். முதல் முறை கடவுச்சொல் தாளில் ஒரு பெரிய எழுத்து சின்னதாக எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. திருத்தினார்கள்.

இன்னும் பாக்கி

2018 இன் சில நிகழ்வுகள் ரோ பைலாக மட்டும் இருக்கின்றன, பூட்டியபடி. அவற்றையும் அடையாள எண் பைலையும் மிரட்டல் கடிதத்தையும் ஒரு தனி டிஸ்க்கில் போட்டு 'அழிக்காதே' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட திறவுகோல்கள் பின்னொரு நாளில் வெளிவந்த சம்பவங்கள் வேறு வகைகளில் உண்டு. அந்தக் குடும்பங்களுக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, கலியாணத்தன்று கொடுத்த பென் டிரைவ் வீட்டில் இருந்தால் தரும்படி கேட்கிறார்கள். கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வந்திருக்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர்களிடம் வட்ஸ்அப்பில் படமாக அல்ல, டொக்யுமென்டாக அனுப்பச் சொல்கிறார்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, எடுத்த திகதியும் நீங்கிவிடும். வரும் பென் டிரைவ் எதுவும் விண்டோஸ் கணினியில் செருகப்படுவதில்லை. லினக்ஸ் லாப்டொப்பில் வாசிக்க மட்டும் திறந்து, பிம்பம் எடுத்து, படங்களைப் பிரித்த பிறகு புதிய பென் டிரைவ் ஒன்றிலும் போட்டுப் பழையதோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.